ஏழரை மணி பஸ்ஸில் இறங்குகிறவர்கள்

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் சாலை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மாலை ஏழரை மணி வாக்கில் எங்கள் நிறுத்தத்தில் பஸ் நின்றால் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்குவார்கள். துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள், கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிற பையன்கள், டியூஷன் முடிந்த பிள்ளைகள். பஸ்ஸின் உள்விளக்கு தரையில் விழுந்திருக்கும் சில நொடிகள் எல்லோர் முகமும் தெரியும். பஸ் கிளம்பியதும் மொத்தமாக இருட்டிவிடும். உடனே ஒவ்வொருவராகச் செல்போனை எடுத்து டார்ச்சைப் போடுவார்கள்.

கவனித்துப் பார்த்தால் எல்லா டார்ச்சும் கீழ்நோக்கியே இருக்கும். பள்ளம், சாக்கடை மூடியின் உடைந்த விளிம்பு, படுத்துக் கிடக்கும் நாய், மழைக்காலமென்றால் பாம்பு என்று நடக்கிறவருடைய பயம் எல்லாம் காலடியில்தான். முன்னால் விழும் அந்தச் சின்ன வெளிச்சம் பின்னால் வருகிற வண்டிக்காரருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு எதிரே இருப்பது ஒரு கறுப்பு முதுகுப்பை. இருட்டில் அதுவும் இல்லை.

புறநகர்ச் சாலைகளில் இரவில் நேரும் சாவுகளுக்கெல்லாம் விளக்கு இல்லாததுதான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்த பிறகு எண்ணம் கொஞ்சம் மாறிவிட்டது. விளக்கு முக்கியம், மிக முக்கியம். ஆனால் நடந்து போகிறவரைக் கொல்வதில் இருட்டு ஒரு கூட்டாளி மட்டுமே. வேகமும், நடக்க இடம் விடாத சாலை அமைப்பும் சேர்ந்துதான் கொல்கின்றன. விபத்துக்குப் பிறகு பழி மட்டும் நடந்து போனவர் தலையில் விழுகிறது. "குறுக்கே வந்துட்டாங்க" என்ற இரண்டு சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலையில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் 23 விழுக்காட்டினர் நடந்து போனவர்கள். இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் பாதசாரிகள் 32,825 பேர், அதாவது ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழப்பில் 17,884 பேருடன் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நேரவாரியாகப் பார்த்தால் மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள்தான் நாட்டில் மிக அதிக விபத்துகள் நடக்கின்றன. மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த மூன்று மணி நேரத்தில்.

இந்த மூன்று மணி நேரம் நம் ஊரில் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். சென்னையில் ஆண்டு முழுக்கச் சூரியன் சுமார் ஐந்து நாற்பதுக்கும் ஆறு நாற்பதுக்கும் இடையில் மறைந்துவிடுகிறது. கோடையிலும்கூட ஆறரை மணிக்கு வேலை முடித்துக் கிளம்புகிறவர் இருட்டில்தான் வீடு வந்து சேர முடியும். சூரியன் மிகச் சீக்கிரம் மறையும் நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்கிறது. நனைந்த தார்ச்சாலை, முகப்பு விளக்கின் ஒளியை ஓட்டுநர் பக்கம் திருப்பாமல் கண்ணாடி போல எதிர்ப்பக்கம் அடித்துவிடும். எதிரே வருகிற வண்டியின் வெளிச்சமோ அதே சாலையில் பட்டு இவர் கண்ணில் வந்து விழும். ஓரம் முழுக்கத் தண்ணீர் தேங்கியிருப்பதால் நடப்பவரும் நடுச்சாலைக்கு வந்திருப்பார், பெரும்பாலும் கறுப்புக் குடையோடு.

இருட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது எளிதல்ல. இரவில் களைப்பு உண்டு, குடி உண்டு, காலிச் சாலையில் வேகமும் உண்டு. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெளிச்சத்தை மட்டும் அளப்பது எப்படி? அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சல்லிவனும் பிளானகனும் ஒரு வழி கண்டார்கள். அந்த நாட்டில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைப்பார்கள். நேற்று மாலை ஆறு மணிக்கு வெளிச்சம், இன்று அதே ஆறு மணிக்கு இருட்டு. சாலையும் மக்களும் பழக்கமும் அப்படியே இருக்க, ஒளி மட்டும் மாறுகிறது. அந்த வாரங்களின் உயிரிழப்புகளை ஒப்பிட்டு 2002-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: நடப்பவர்களுக்கு இருட்டில் ஆபத்து மூன்று மடங்கிலிருந்து ஏறத்தாழ ஏழு மடங்கு வரை கூடுகிறது. நான் படித்தவற்றில் இவ்வளவு சுத்தமாக விஷயத்தைப் பிரித்துக் காட்டிய ஆய்வு வேறில்லை.

ஏன் இப்படி என்பதற்குக் கண்ணில் பதில் இருக்கிறது. நமக்குப் பார்வை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, எதிரே இருப்பது என்ன என்று அடையாளம் காண்பது. மற்றொன்று, நாம் போகிற வழியைப் பிடித்துக்கொண்டு போவது. இரவில் முதல் வேலை வெகுவாகக் கெட்டுப்போகிறது, இரண்டாவது அவ்வளவாகக் கெடுவதில்லை. 1970-களில் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற உளவியலாளர் இதைச் சுட்டிக்காட்டினார். வண்டியைக் கோட்டுக்குள் ஓட்ட முடிகிறது, வளைவில் திருப்ப முடிகிறது. அதனால் எல்லாம் தெரிகிறது என்று ஓட்டுநர் நம்பி விடுகிறார். தனக்குத் தெரியாமல் போவது எது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. பகலில் போகிற அதே வேகத்தில் இரவிலும் போவதற்குத் திமிர் மட்டும் காரணமல்ல. அவருடைய கண்ணே அவருக்குத் தப்பான தைரியம் கொடுக்கிறது.

இனி தூரத்தைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி பத்திரமாக நிற்க 60 மீட்டரும், 80 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு 120 மீட்டரும் பார்வைத் தூரம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் சாலை வடிவமைப்புக்கு விதித்திருக்கிறது. டிம் விளக்கில் கறுப்பு உடை அணிந்தவர் கண்ணில் படுவது பெரும்பாலும் ஐம்பது மீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான். அதாவது எண்பதில் வருகிறவர் பார்த்த கணத்திலேயே பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை. அவர் கவனமாக ஓட்டினாரா, போனில் பேசினாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள். விளக்கில்லாத சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தை அனுமதித்தபோதே அந்த மோதல் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

டிம் விளக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நாம் இடதுபக்கம் ஓட்டுகிற நாடு. எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்க, டிம் ஒளி வலப்பக்கம் தாழ்ந்தும் இடது ஓரத்தில் கொஞ்சம் தூரமாகவும் விழும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் இடது ஓரத்தில் நடப்பவர் சற்று முன்னதாகவே தெரிவார். வலப்பக்கமிருந்து, அதாவது சென்டர் மீடியனைத் தாண்டி இறங்குகிறவர் மிகத் தாமதமாகத்தான் தெரிவார். ஜி.எஸ்.டி. சாலையில் மக்கள் மீடியனில் ஏறி நின்று, இடைவெளி பார்த்துக் குதிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். வண்டியின் வெளிச்சம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கத்திலிருந்தே அவர்கள் இறங்குகிறார்கள்.

ஹை பீம் போட்டு வருகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை கண் கூசினால் பார்வை தெளிய சில நொடிகள் ஆகும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது ஐம்பது மீட்டர். அவ்வளவு தூரம் வண்டி ஏறக்குறையக் கண்ணை மூடிக்கொண்டு போகிறது. வயதானவர்களுக்குத் தெளிவதற்கு இன்னும் நேரமாகும். ஒரு காலத்தில் முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிப் போலீசார் வண்டிகளை நிறுத்துவார்கள். எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு கூச்சம் பல மடங்கு கூடிவிட்டது, அந்தச் சோதனை ஏறக்குறைய மறைந்துவிட்டது. கடையில் வாங்கி மாட்டும் வெள்ளை விளக்குகளுக்கு எந்தக் கட்டுப்பாடும் இருப்பதாகத் தெரியவில்லை.

நடப்பவர் பக்கமும் ஒரு மயக்கம் உண்டு. எனக்கு வண்டியின் வெளிச்சம் தெரிகிறது, அப்படியென்றால் வண்டிக்காரருக்கு நான் தெரிகிறேன் என்று நினைத்துக்கொள்கிறோம். பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரவில் நடப்பவர்கள் தாங்கள் எவ்வளவு தூரத்தில் தெரிவோம் என்று நம்புகிறார்களோ, உண்மையில் அதைவிட மிகக் கிட்டத்தில்தான் ஓட்டுநருக்குத் தெரிகிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜோன் வுட், அமெரிக்காவின் ரிச்சர்ட் டைரல் ஆகியோர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள். ஒளி திருப்பும் பட்டையை மார்பில் மட்டும் அணிவதைவிட கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகிய இடங்களில் அணிந்தால் மிகத் தொலைவிலேயே மனிதர் என்று தெரிகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அசையும் மூட்டுகளைப் பார்த்ததும் மூளை 'ஆள் நடக்கிறார்' என்று அடையாளம் கண்டுகொள்கிறது. மார்பிலுள்ள பட்டை ஒரு பலகையாகவும் இருக்கலாம், நின்றிருக்கும் வண்டியாகவும் இருக்கலாம்.

பின்லாந்தில் இருட்டில் நடப்பவர்கள் ஒளி திருப்பும் வில்லை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. குழந்தைகளின் பையில் சின்னதாக ஆடிக்கொண்டிருக்கும் அந்த வில்லை அங்கே பிறந்ததுதான். இங்கும் பள்ளிப் பைகளில் பட்டை தைத்துக் கொடுத்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் இதை முதல் தீர்வாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற பெண் என்ன நிறச் சுடிதார் போட்டிருந்தார் என்று கேட்பதற்கு முன்னால், அவருக்கு நடக்க இடம் விட்டோமா என்று கேட்க வேண்டும்.

அந்த இடம் இல்லாமல் போன கதை புறநகர் வளர்ந்த கதையேதான். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் சாலை ஏரிக்கரையை ஒட்டிய ஒற்றைத் தடச் சாலை. இரவில் மாட்டுவண்டியும் டி.வி.எஸ். ஐம்பதும் போகும். மனைப் பிரிவுகள் வந்தன, அடுக்குமாடிகள் வந்தன, கல்லூரிகள் வந்தன. சாலையை இருபுறமும் அகலப்படுத்தினார்கள். அகலப்படுத்திய இடமெல்லாம் தார்தான். மண் ஓரம் இருந்த இடத்தில் மழைநீர் வடிகால் வந்தது. அதன் மேல் மூடிக்கல்தான் எங்கள் நடைபாதை. அதிலும் ஒரு இடத்தில் டிரான்ஸ்பார்மர், ஒரு இடத்தில் பேக்கரியின் ஸ்டூல்கள், ஒரு இடத்தில் கல் பெயர்ந்து திறந்த குழி. நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது சாலைக் காங்கிரசின் பாதசாரி வழிகாட்டி. அந்த 1.8 மீட்டரை எங்கள் சாலையில் எங்கும் அளந்து காட்ட முடியாது.

ஆகவே மக்கள் தாரில் நடக்கிறார்கள். இருட்டில் இன்னும் நடுவாக நடக்கிறார்கள், பெண்கள் குறிப்பாக. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "ஓரத்துல என்ன கிடக்குதுன்னு தெரியாது தம்பி. புதர்ல எவன் நிக்கிறான்னும் தெரியாது. நடுவுல போனா வண்டி வெளிச்சமாவது இருக்கு" என்றார். வண்டி அவருக்கு ஆபத்து, அந்த வண்டிதான் அவருக்குத் தெருவிளக்கும். செயின் பறிப்புக்கும் சீண்டலுக்கும் பயந்து ஒருவர் மோதலுக்கு அருகில் போய் நடக்கிறார். சாலைப் பாதுகாப்பைத் தனியாகவும் பெண்கள் பாதுகாப்பைத் தனியாகவும் இரண்டு கோப்புகளில் வைத்திருப்பவர்களுக்கு இது புரிய வேண்டும்.

பெரிய சாலைகளைக் கடப்பது அதைவிடக் கடினம். ஒரு பக்கத்துக்கு நான்கு தடம் என்றால் அகலம் 14 மீட்டர். சராசரி நடையில் அதைக் கடக்கப் பன்னிரண்டு நொடி ஆகும். 80 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்தப் பன்னிரண்டு நொடியில் 260 மீட்டருக்கு மேல் வந்துவிடும். கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக இருப்பவருக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் பதினைந்து நொடிக்கு மேல் ஆகும்; வண்டியோ முந்நூறு மீட்டரைத் தாண்டியிருக்கும். முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருட்டில் தெரியும் ஒரு வெள்ளைப் புள்ளி பைக்கா, ஒரு விளக்கு எரியாத லாரியா, நாற்பதில் வருகிறதா, தொண்ணூறிலா என்று யாரால் சொல்ல முடியும்? நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் சாலையில் காலை வைக்கிறார்கள்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் எல்லாம் அங்கே மாறின. அப்போது எதிரே ரயில் நிலையமும் தயாராகவில்லை, சாலைக்கு மேலே நடைமேம்பாலமும் தயாராகவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்குகிறவர் மூட்டை முடிச்சோடு ஜி.எஸ்.டி. சாலையை எப்படிக் கடப்பார் என்ற கேள்விக்கான பதில், முனையம் கட்டும் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்திருக்க வேண்டும். பேருந்துக்கு நாம் கட்டிவிடுகிறோம். அதில் ஏற நடந்து வருகிறவருக்கு உரியது மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றுபோகிறது.

விளக்குக்கு வருகிறேன். தெருவிளக்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1944. முக்கியச் சாலைகளுக்குச் சராசரி 30 லக்ஸ், அடுத்த நிலைக்கு 15, போக்குவரத்துள்ள உட்சாலைகளுக்கு 8, சிறு தெருக்களுக்கு 4 என்று அது வகுக்கிறது. முழு நிலவின் வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான். லக்ஸ் அளக்கும் செயலியைப் போனில் இறக்கி எங்கள் சாலையில் நடந்து பார்த்தேன். துல்லியமான கருவி அல்ல என்று தெரியும், ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவியது. எரிகிற கம்பத்தின் அடியில் எண் விறுவிறுவென ஏறும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வந்ததும் பூச்சியத்தில் நிற்கும். சராசரி போட்டுப் பார்த்தால் விதிக்கு ஓரளவு அருகில் வந்துவிடலாம். ஆனால் சராசரியில் யாரும் நடப்பதில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் காலை வைக்கும் அந்த இடத்தில்தான் கண் தடுமாறுகிறது, நடப்பவர் கண்ணும் ஓட்டுநர் கண்ணும்.

பழைய சோடியம் விளக்கையும் டியூப்லைட்டையும் கழற்றி எல்.இ.டி. மாட்டியதில் இது கூடியிருக்கிறது என்பது என் அனுபவம். 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டத்தில் ஒரு கோடிக்கு மேல் எல்.இ.டி. விளக்குகள் மாட்டியிருக்கிறார்கள். மின்செலவு பாதிக்கு மேல் குறைந்தது, அது பெரிய நன்மை. ஆனால் கம்பங்களின் இடைவெளி பழையபடியே இருக்க, ஒளியைக் கீழே குவித்து விடும் விளக்கை மாட்டினால் நடுவில் இருட்டுத் திட்டுகள் தோன்றும். பெரிய சாலைகளில் வேறொரு சிக்கல். விளக்குகள் மீடியனில் நிற்கின்றன, வெளிச்சம் வண்டி ஓடும் தடத்தில் விழுகிறது. மனிதர்கள் நடக்கும் ஓரத்திலும் சர்வீஸ் சாலையிலும் தூங்குமூஞ்சி மரங்களின் நிழல். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. அதன் கிளைக்குக் கீழே, ஐந்தாறு மீட்டர் உயரத்தில் நடப்பவருக்கென்று தனி விளக்கு வைக்கலாம்.

தெருவிளக்கு யார் பொறுப்பு? கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் பொதுச் சாலைகளுக்கு விளக்கு போடுவது கிராம ஊராட்சியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் மாநகராட்சிகள் ஆயின. ஆனால் அவற்றைச் சுற்றி, பத்தாயிரம் இருபதாயிரம் பேர் வாழும் பல ஊர்கள் இன்னும் ஊராட்சிகள்தான். சாலை ஒரு துறையுடையது, கம்பம் இன்னொன்றுடையது, விளக்கும் கரண்ட் பில்லும் ஊராட்சியுடையது. பல சாலைகள் இரண்டு ஊராட்சிகளின் எல்லையிலேயே ஓடுகின்றன. இடது ஓரம் ஒரு ஊர், வலது ஓரம் வேறு ஊர். எங்கள் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கம்பத்தில் விளக்கு நான்கு மாதம் எரியவில்லை. நான் போன முதல் அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனபோது கம்ப எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, லைன் போகும்போது பார்க்கிறோம் என்றார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்த விளக்கு எரியாததற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை.

விளக்கு போட்டால் உயிர் பிழைக்கிறதா என்பதற்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. தெருவிளக்குகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2009-இல் பேயர், கெர் ஆகியோர் காக்ரேன் அமைப்புக்காக எழுதிய தொகுப்பு, விளக்குகள் விபத்தையும் காயத்தையும் சாவையும் குறைக்கக்கூடும் என்று சொன்னது. அடிப்படை ஆய்வுகள் பழையவை, தரத்தில் ஏற்றத்தாழ்வானவை என்றும் சேர்த்தே சொன்னது. 2015-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 62 உள்ளாட்சிகளின் விவரங்களைக் கொண்டு செய்த ஆய்வில், செலவைக் குறைக்க விளக்குகளை மங்கலாக்கிய, நள்ளிரவில் அணைத்த இடங்களிலும் விபத்து கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதை எடுத்துக்காட்டி விளக்கு வீண்செலவு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. அங்கே தெருவுக்குத் தெரு நடைபாதை இருக்கிறது, கடக்குமிடங்கள் இருக்கின்றன, ஊருக்குள் வேக வரம்பு அந்த ஆய்வுக் காலத்தில் பெரும்பாலும் மணிக்கு 30 மைல். அவ்வளவு இருக்கிற இடத்தில் விளக்கைக் குறைத்தால் தாங்கிக்கொள்ளும். அது எதுவுமே இல்லாத நம் சாலையில் நடப்பவருக்கும் வண்டிக்கும் நடுவே விளக்கு ஒன்றுதான் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

வண்டியிலேயே தீர்வு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இப்போதைக்கு உதவாது. ஆளைக் கண்டால் தானாகப் பிரேக் பிடிக்கும் கார்களை அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் ஆராய்ந்து 2022-இல் முடிவு சொன்னது. மொத்தத்தில் பாதசாரி விபத்துகள் 27 விழுக்காடு குறைந்திருந்தன. தெருவிளக்கில்லாத இருட்டில் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை.

வேகம்தான் இதில் கைக்கு எட்டும் இடம். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 50 கிலோமீட்டரில் மோதும் காரோடு ஒப்பிட்டால் 65-இல் மோதும் கார் நடப்பவரைக் கொல்லும் வாய்ப்பு நாலரை மடங்கு. இருட்டுச் சாலையில் வேகத்தைக் குறைப்பது பார்வைத் தூரத்தைக் கூட்டுவதற்குச் சமம். ஆனால் நாம் வேகத்தைக் குறைக்கும் விதமே ஆளைக் கொல்கிறது. விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்கள் மறியல் செய்வார்கள், இரவோடு இரவாக ஒரு ஸ்பீட் பிரேக்கர் முளைக்கும். 3.7 மீட்டர் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு வளைந்து ஏறி இறங்க வேண்டியது என்கிறது சாலைக் காங்கிரசின் விதி. முளைப்பதோ சுவர் போல் ஒன்று. வெள்ளைக்கோடும் இல்லை, பலகையும் இல்லை, மேலே விளக்கும் இல்லை. இரவில் முதலில் விழுவது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்.

கடக்குமிடத்தில் விளக்கை எங்கே வைப்பது என்பதிலும் விஷயமிருக்கிறது. வெள்ளைக்கோடுகளுக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் நடப்பவரின் தலையிலும் தரையிலும் வெளிச்சம் விழும். ஓட்டுநர் பக்கம் இருக்கும் முகமும் மார்பும் இருட்டிலேயே இருக்கும். வண்டி வருகிற பக்கத்தில், கோடுகளுக்குச் சில மீட்டர் முன்னதாகக் கம்பத்தை நட்டால் ஆள் பளிச்சென்று தெரிவார். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பரப்பில் 20 லக்ஸ் வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதே கம்பம், அதே விளக்கு, அதே மின்சாரம். நடும் இடம்தான் வேறு.

சட்டத்தில் அண்மையில் நகர்வு இருக்கிறது, அதன் தொடக்கம் தமிழ்நாட்டில். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன், விபத்தில் சிதைந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் பேரில் 2014-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில் 2025 மே மாதம், தடையற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 138(1ஏ) பிரிவின்படி பாதசாரிகளுக்கான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. முகப்பு விளக்குகளைப் பற்றியும் அந்த உத்தரவு பேசுகிறது. சாலையைத் தவறாக வடிவமைத்தவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்க 198ஏ பிரிவும் புத்தகத்தில் இருக்கிறது. வாகனம் எதுவென்று தெரியாமல் போனால் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு 2022-இலிருந்து இரண்டு லட்சம் ரூபாய். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பரில் இதே ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் தமிழக அரசு தொடங்கியது. உண்மையிலேயே நல்ல திட்டம், பலர் பிழைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய நிமிடத்தைக் காக்கும் வேலைதான் பாக்கி.

நடைபாதைத் தணிக்கையை ஐம்பது பெருநகரங்களில் தொடங்கச் சொல்லியிருக்கிறது உச்ச நீதிமன்றம். பெருநகர எல்லைக்கு அப்பால் எங்களைப் போன்ற ஊராட்சிகளுக்கு அது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பொறியாளர், ஒரு உள்ளாட்சி உறுப்பினர், நாள்தோறும் அந்தச் சாலையில் நடக்கும் இரண்டு பெண்கள், ஒரு முதியவர் சேர்ந்து நடந்து பார்த்தால் போதும். காலை பதினோரு மணிக்கு வேண்டாம், இரவு ஏழரைக்கு நடக்க வேண்டும், ஒருமுறையாவது நவம்பர் மழையில். எந்தக் கம்பம் எரியவில்லை, எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது, மக்கள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே இரவில் தெரிந்துவிடும். கடக்குமிடத்தை மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மீடியன் செடிகளுக்கு நடுவே தேய்ந்து போன ஒற்றையடித் தடம் காட்டிக் கொடுக்கும். எண்ணூறு மீட்டர் தள்ளி யாரும் போகாத இடத்தில் சுரங்கப்பாதை கட்டுவதற்கு முன்னால் அந்தத் தடத்தைப் பார்த்தால் நல்லது.

எங்கள் நிறுத்தத்தில் இப்போது கொஞ்சம் வெளிச்சம் உண்டு. எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறவர் சென்ற ஆண்டு தன் செலவில் ஒரு எல்.இ.டி. விளக்கை மாட்டினார். முதலில் சாலையைப் பார்த்து மாட்டிவிட்டார், வருகிற வண்டிக்காரர்களுக்கெல்லாம் கண் கூசியது. சொன்னதும் ஏணி போட்டு ஏறி, பஸ் நிற்கும் இடத்தை நோக்கிக் கீழே சாய்த்து வைத்தார். பஸ் கிளம்பிப் போன பிறகும் இறங்கியவர்களின் முகம் தெரிகிறது. யாரும் அங்கே டார்ச் போடுவதில்லை. அந்த இருபதடியில் வண்டிகள் தாமாகவே வேகம் குறைப்பதைப் பார்க்கிறேன். கடையைப் பத்து மணிக்கு மூடுவார். கடைசி பஸ் வருவது பத்தே காலுக்கு.